முகத்தில் அச்சு எடுக்கும்போது எது கெட்டால் எங்கே பார்ப்பது

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் இந்த வேலை நடக்கிறது. முதலில் எடுத்தது ஆயாவின் முகம். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள், அப்புறம் தெருவில் கேட்டார்கள், இப்போது மாதத்துக்கு ஒரு முகமாவது வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று கெடுகிறது, ஆனால் கெடுவதெல்லாம் திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டு விதத்தில்தான், அதனால் என்ன கோளாறு கண்ணில் படுகிறதோ அதன் பெயரிலேயே தலைப்புப் போட்டு எழுதுகிறேன்.

நான் செய்வது இரண்டு முறை. எலும்பு முறிந்தால் கட்டுகிற மாவுக்கட்டு ரோலைத் துண்டு துண்டாக வெட்டி, தண்ணீரில் நனைத்து, வாசலின் தடவிய முகத்தில் நேரடியாக ஒட்டுவது ஒன்று. பல் டாக்டர்கள் அச்சு எடுக்கும் ஆல்ஜினேட் பொடியைக் குழைத்து முகத்தில் பூசி, அதன் மேல் மாவுக்கட்டு போடுவது இன்னொன்று. இரண்டிலும் கடைசியில் கிடைக்கிற குழிவான அச்சில் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) மாவைக் கரைத்து ஊற்றினால் முகம் வந்துவிடும், அதுதான் வார்ப்பு. ரோல் சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும், 10 செ.மீ. அகலம், 2.7 மீட்டர் நீளம் உள்ளதில் இரண்டு ஒரு முகத்துக்குப் போதும்.

அச்சு முகத்தில் இருக்கும்போது எது நடந்தாலும் முதலில் கழற்றுங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம். மாவு நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கும், அதற்காக ஒருத்தரை இன்னும் ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கொள்ளச் சொல்லக் கூடாது.

மூச்சு முட்டுகிறது என்று கை தட்டுகிறார்

வாய் மூடியிருக்கும், பேச முடியாது. அதனால் தொடங்குவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்: நாற்காலிக் கையில் ஒரு தட்டு தட்டினால் நன்றாக இருக்கிறேன், இரண்டு தட்டு தட்டினால் எடு. இரண்டு தட்டு வந்தால் கேள்வியே இல்லை, எடுத்துவிடுங்கள். முகத்தைச் சுருக்கி, கன்னத்தை உப்பி, முன்னால் குனியச் சொன்னால் பாதி இறுகிய அச்சு தானாகக் கையில் விழும்.

எடுத்த பிறகு காரணம் பாருங்கள். முதலில் மூக்குத் துளை. ஆல்ஜினேட் வழிந்து துளைக்குள் இறங்கியிருக்கும், அல்லது நனைந்த துணித் துண்டு ஒன்று சரிந்து மூடியிருக்கும். மூக்கைச் சுற்றிக் கடைசியாகப் போடுங்கள், குச்சியோடு ஒருவர் மூக்குக்கு நேராக நின்று பார்த்துக்கொண்டே இருக்கட்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். மூக்கில் ஸ்ட்ரா சொருகும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, வேண்டாம். இடித்தால் உள்ளே குத்தும், மூக்கின் வடிவமும் கோணலாகும்.

துளை திறந்திருந்தும் முட்டுகிறதா? அப்படியானால் சளி. முந்தின நாளே வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் பதினைந்து நிமிஷம் டிவி பார்க்கச் சொல்லுங்கள், அதில் தேறாதவருக்கு அச்சு எடுக்க வேண்டாம். சளியும் இல்லை, துளையும் திறந்திருக்கிறது, இருந்தும் தட்டுகிறார் என்றால் அது பயம். கண்ணும் மூடி, வாயும் மூடி, காதிலும் பஞ்சு வைத்தால் யாருக்கும் வரும். காதை மூடாமல் விட்டு, வேண்டிய ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. மீதிப் பேரை வற்புறுத்தாதீர்கள். வீசிங் உள்ளவர், வலிப்பு வந்தவர், பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள், இவர்களுக்கு நான் எடுப்பதே இல்லை. கழற்றிய பிறகும் மூச்சு இரைப்பு நிற்கவில்லை என்றால் 108க்கு அடியுங்கள்.

சுடுகிறது என்கிறார்

பிஓபி இறுகும்போது சூடாகும், இது எல்லாருக்கும் தெரியும், எவ்வளவு சூடாகும் என்பதுதான் தெரிவதில்லை. மொத்தமாக ஒரு கட்டியாக இறுகினால் 60 டிகிரி வரை போகும். 2007ல் இங்கிலாந்தில் பள்ளி மாணவி ஒருத்தி கை வடிவம் எடுக்க பக்கெட் மாவுக்குள் இரண்டு கையையும் விட்டு, அது இறுகிப் போய், விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். அதனால் கரைத்த மாவை முகத்தில் நேரடியாக ஊற்றவே ஊற்றாதீர்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு விற்கிற மாவு தோலுக்கானதும் இல்லை. தோலில் படுவது மாவுக்கட்டு ரோல் அல்லது ஆல்ஜினேட், இரண்டு மட்டும்தான்.

ரோல் போட்டும் சுட்டால் இந்த வரிசையில் பாருங்கள். நனைத்த தண்ணீர் வெந்நீரா? மே மாதம் மதியம் எங்கள் மாடி டேங்கில் வருவதே வெந்நீர்தான், பிடித்து நிழலில் வைத்து ஆறிய பிறகு நனைக்க வேண்டும். அடுத்து, எத்தனை அடுக்கு? மூன்று அல்லது நான்கு போதும், கெட்டியாக இருக்கட்டும் என்று எட்டு, பத்து போட்டால் சூடு வெளியேறாது. மேலே துண்டு போர்த்தினீர்களா, தலையணையில் முகம் புதைந்திருந்ததா? அதுவும் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். இளஞ்சூடு வந்து ரெண்டு மூன்று நிமிஷத்தில் தணிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஏறிக்கொண்டே போனால் கழற்றி, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் முகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பேஸ்ட், இங்க் எதுவும் தடவக் கூடாது. சிவப்பு ஒரு மணி நேரத்தில் குறையவில்லை அல்லது கொப்புளம் வந்தது என்றால் மருத்துவமனைதான், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனி வார்டு இருக்கிறது.

கண் உறுத்துகிறது

இமை மேல் மாவுக்கட்டை நேரடியாக வைத்திருப்பீர்கள். வைப்பதற்கு முன் இமையில் வாசலின் தடவி, ஈர டிஷ்யூ பேப்பரில் ஒரு சின்னத் துண்டு வெட்டி இமை ரோமத்தின் மேல் படுக்க வையுங்கள், துணித் துண்டை நன்றாகப் பிழிந்த பிறகு கடைசியாகப் போடுங்கள், சொட்டுகிற துணிதான் கண்ணுக்குள் இறங்குகிறது. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முன்பே கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே போய்விட்டால் கசக்க விடாதீர்கள், சுத்தமான கேன் தண்ணீரால் பதினைந்து இருபது நிமிஷம் கழுவுங்கள். அதற்குப் பிறகும் உறுத்தலோ மங்கலோ இருந்தால் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

இறுகிவிட்டது, ஆனால் கழன்று வரவில்லை

இழுக்காதீர்கள். எங்கே பிடித்திருக்கிறது என்று அவரையே விரலால் காட்டச் சொல்லுங்கள்.

புருவம், கிருதா, மீசை, நெற்றி முடியோரம், இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, ஷாம்பு கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அப்புறம் தேங்காய் எண்ணெய் விட்டுப் பொறுமையாக அசைத்தால் பத்தில் எட்டு தடவை வந்துவிடும். வராத முடியை நுனிக் கத்தரியால் வெட்டுங்கள், முளைத்துக்கொள்ளும். ஆபிரகாம் லிங்கனுக்கு 1860ல் சிகாகோவில் லியனார்ட் வோல்க் என்ற சிற்பி முகத்தில் மாவு பூசி அச்சு எடுத்தபோதும் இதேதான் நடந்தது, லிங்கன் தானே குனிந்து மெல்ல மெல்லக் கழற்றினார், நெற்றிப் பொட்டோர முடி சில பிய்ந்து வந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நூற்றுக்கணக்கான வருஷமாக இதற்கு மருந்து வாசலின் மாதிரி ஏதோ ஒரு எண்ணெய்ப் பசைதான். புருவத்தில் முடி படிந்து தோல் மாதிரி வழவழப்பாகும்வரை தடவுங்கள், கன்னத்தில் மெல்லியதாகத் தடவினால் போதும், அங்கே அதிகமானால் தோலின் கோடுகள் பதியாது.

தாடி வைத்தவருக்கு மாவுக்கட்டு முறை வேண்டவே வேண்டாம், ஆல்ஜினேட் எடுங்கள், அதற்கும் தாடியில் வாசலினைத் தாராளமாகப் போடுங்கள். தாடைக்குக் கீழே கழுத்துவரை மாவுக்கட்டை இறக்கியதால் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றால் கத்தரியைத் தோலுக்கு எதிர்ப்பக்கமாகப் பிடித்துக் கழுத்துப் பகுதியை வெட்டிவிடலாம். காதுக்குப் பின்னால் சுற்றிப் போயிருந்தால் மட்டும் நீங்களாக அறுக்க வேண்டாம், மாவுக்கட்டு பிரிக்கிறவர் யாராவது ஒரு எலும்பு டாக்டரிடம் இருப்பார், அவர் கையில் அது ஐந்து நிமிஷ வேலை.

ஆல்ஜினேட் கிண்ணத்திலேயே இறுகிவிடுகிறது

வட சென்னையில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. காரணம் தண்ணீர்.

முதலில் சூடு. ஆல்ஜினேட் 20 முதல் 23 டிகிரித் தண்ணீருக்காகச் செய்தது, அதில் இரண்டு முதல் நான்கு நிமிஷம் கையில் நிற்கும். நம் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிஷம்கூட நிற்காது. ஃபிரிட்ஜ் தண்ணீர் கலந்து, கையை விட்டால் ஜில்லென்று இருக்கிற அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

ஜில்லென்ற தண்ணீரிலும் இறுகினால், அது போர் தண்ணீரா என்று கேளுங்கள். மீஞ்சூர் தொடங்கி இந்தக் கடலோரம் முழுக்க நிலத்தடியில் கடல் நீர் ஏறியிருக்கிறது, போரில் வருவது உப்பும் கடினமும். கடின நீரில் உள்ள கால்சியம் ஆல்ஜினேட்டை அவசரமாக, திட்டுத்திட்டாக இறுக வைக்கும், உப்பு பிஓபியை அவசரப்படுத்தும். சந்தேகம் தீர ஒரு டம்ளர் சோதனை செய்யுங்கள்: ஒரு டம்ளரில் போர் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர், இரண்டும் ஒரே குளிர்ச்சியில், ஒரே அளவு பொடி போட்டுக் கலக்கிக் கடிகாரம் பாருங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் முந்தின நாள் நான் இதைச் செய்கிறேன், ஆல்ஜினேட்டுக்கு ஒரு தடவை, பிஓபிக்கு ஒரு தடவை. ஐந்து நிமிஷ வேலை, ஆளை உட்கார வைத்துவிட்டுப் பொடி வீணானதே என்று நிற்கிற நிலைமை அதோடு போயிற்று.

தண்ணீரும் சரி என்றால் பொடி. பழைய பாக்கெட், அல்லது சீக்கிரம் இறுகும் ரகம். இரண்டுக்கும் வேறு பாக்கெட் வாங்குவதுதான் வழி. ஒரே ஆளாகக் கலக்கிப் பூசுவதும் ஒரு காரணம், நெற்றியிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து பூசினால்தான் நேரம் போதும்.

ஆல்ஜினேட் மாவுக்கட்டிலிருந்து பிரிந்து தொளதொளவென்று வருகிறது

இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆல்ஜினேட் ஈரமாக இருக்கும்போதே பஞ்சைப் பிய்த்து அதன் மேல் லேசாக அழுத்திவிடுங்கள், பாதி புதைந்து பாதி வெளியே நிற்க வேண்டும், அந்த இழைகளைத்தான் மாவுக்கட்டு பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே பிரிந்துவிட்டதா? கிழியவில்லை என்றால் மாவுக்கட்டு ஓட்டுக்குள் பழைய இடத்தில் பொருத்தி, உடனே மாவை ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றலாம் என்று வைத்தால் ஆல்ஜினேட் காய்ந்து சுருங்கும், முகமும் சேர்ந்து சுருங்கும். அரை மணி நேரம் தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் ஈரத் துணி சுற்றி வையுங்கள்.

மாவு இறுகவே இல்லை, அல்லது சாக்பீஸ் மாதிரி உதிர்கிறது

தண்ணீர் அதிகமா? 1 கிலோ மாவுக்கு 600 முதல் 700 மி.லி. தான். தண்ணீரில் மாவைத் தூவ வேண்டும், மாவில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தூவி, ஒன்றிரண்டு நிமிஷம் ஊற விட்டு, அப்புறம் கிளறுங்கள். இறுகத் தொடங்கிய பிறகு தண்ணீர் விட்டு மறுபடி கிளறினால் அது எழுந்திருக்காது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

அளவு சரி என்றால் மாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டி கட்டியாக இருக்கிறதா? ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் காற்றிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் திறந்த மூட்டை ஒரு மாதம்கூடத் தாங்காது. கொஞ்சம் ஈரம் பட்ட மாவு அவசரமாக இறுகும், நிறைய ஈரம் குடித்தது இறுகவே இறுகாது. சலித்தால் சரியாகும் என்று நினைக்காதீர்கள், கட்டி போகும், குணம் திரும்பாது. புது மாவு வாங்கி, மூடி உள்ள டப்பாவில் இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு வையுங்கள். திரும்பத் திரும்ப உதிர்கிறது என்றால் பல் லேப்களில் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோனுக்கு மாறலாம், விலை அதிகம், ஆனால் நகத்தால் கீறினாலும் கோடு விழாது.

மூக்கு நுனியில் ஓட்டை, கன்னத்தில் அம்மைத் தழும்பு

காற்றுக் குமிழ். முட்டை அடிப்பது மாதிரிக் கலக்காதீர்கள், கையை அடியில் வைத்து மெல்லச் சுற்றுங்கள், கையுறையோடு. முதல் கரண்டியை ஊற்றாமல் பிரஷ்ஷால் மூக்கு, உதடு, இமைக் குழிகளில் பூசுங்கள், அப்புறம் மீதியை ஓரமாக ஊற்றி வெளியே தட்டிக்கொடுங்கள். வந்த ஓட்டையை நனைத்துவிட்டு அதே மாவைக் குழைத்து அடைக்கலாம்.

அச்சும் வார்ப்பும் ஒட்டிக்கொண்டன

மாவுக்கட்டு அச்சுக்குள் மாவு ஊற்றினால் மாவோடு மாவு சேரும். ஊற்றுவதற்கு முன் துணி துவைக்கும் சோப்பைச் சீவிச் சுடுதண்ணீரில் கரைத்து, உள்ளே மூன்று கோட் பூசி, ஒவ்வொரு கோட்டையும் துடைத்துவிடுங்கள். மறந்துவிட்டீர்கள் என்றால் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊற வைத்து மாவுக்கட்டை அடுக்கு அடுக்காக உரியுங்கள். அச்சு போகும், முகம் பிழைக்கும்.

எல்லாம் சரியாக வந்தது, ஆனால் ஜாடை இல்லை

வீட்டில் எல்லாரும் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா அவங்க மாதிரி இல்லையே என்பார்கள். ஆயாவின் முதல் முகத்துக்கு இதுதான் நடந்தது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது: ஆயா பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது. உதடு உள்ளே போய், தாடை மேலே ஏறி, வேறு யாரோ. பல் செட் கட்டுபவர் கட்டிக்கொண்டேதான் உட்கார வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, படுக்க வைத்து எடுத்தீர்களா என்பது. மல்லாந்து படுத்தால் கன்னச் சதை காதுப் பக்கம் சரியும், முகம் அகலமாகும். சாய்வு நாற்காலி நல்லது, இல்லை என்றால் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரில் சாய்த்துத் தலைக்குத் தலையணை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் தாடை மாறும், சிரிப்பை அடக்கினாலும் மாறும். அச்சைச் சீக்கிரம் எடுத்தீர்களா? தட்டினால் டக் டக் என்று கேட்க வேண்டும், பதினைந்து இருபது நிமிஷம். ஊற்றும்போது மெல்லிய அச்சு மாவின் எடையில் விரிந்திருக்கலாம், பக்கெட்டில் மணல் போட்டு அதில் புதைத்து வைத்து ஊற்றுங்கள்.

இதெல்லாம் இல்லை என்றால், அவர் கண்ணாடி போடுகிறவரா? பழைய ஃபிரேம் ஒன்றை வார்ப்புக்கு மாட்டிப் பாருங்கள், வீடே அமைதியாகிவிடும்.

கண் மூடிய வெள்ளை முகம் பெரியவர்களுக்கு வேறு எதையோ நினைவுபடுத்தும், சிலர் வீட்டில் வைக்கவே தயங்குவார்கள். எடுப்பதற்கு முன்பே இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். கண் திறந்தே வேண்டும் என்றால் இமையைச் செதுக்க வேண்டும், அது நம் வேலை இல்லை. கொசப்பேட்டையில் பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பெரியமேட்டில் 1850ல் தொடங்கிய ஓவியப் பள்ளி, இப்போதைய அரசு கவின் கலைக் கல்லூரி, அங்கே சிற்பம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கெடுத்த பிறகு கொண்டுபோகாமல் முதலிலேயே கேளுங்கள்.

சில வாரம் கழித்து வெள்ளைப் பூ பூக்கிறது, பெயின்ட் உரிகிறது

வெள்ளைத் தூள் என்றால் உப்பு, மறுபடியும் அதே போர் தண்ணீர்தான். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், ஈரத் துணியால் துடைத்தால் திரும்ப உள்ளே போய் மறுபடி பூக்கும். கறுப்புப் புள்ளி என்றால் பூஞ்சை, காயவில்லை என்று அர்த்தம். காய்ந்ததா என்று பார்க்க வார்ப்பை உங்கள் கன்னத்தில் வையுங்கள், ஜில்லென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. கோடையில் ஃபேன் காற்றில் ஒன்றிரண்டு வாரம், மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு மேல். அதற்குள் பெயின்ட் அடித்தால் உரியத்தான் செய்யும், உரிந்ததைச் சுரண்டிக் காய வைத்து, பிரைமர் அடித்து, மறுபடி அடியுங்கள்.

சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை

மாவுக் கையைச் சிங்க்கில் கழுவியிருப்பீர்கள். மாவு பைப்புக்குள் தண்ணீருக்கு அடியிலும் இறுகும், வெந்நீரோ ஆசிடோ ஊற்றினால் கரையாது. சிங்க்குக்கு அடியில் உள்ள வளைவு பைப்பைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தட்டிப் பாருங்கள். கட்டி அதில் இல்லை, சுவருக்குள் போய்விட்டது என்றால் பிளம்பரைக் கூப்பிடுங்கள், அதுவும் கீழ் வீட்டு பைப்பில் சேர்வதற்கு முன். இனிமேல் கையை ஒரு பக்கெட் தண்ணீரில் கழுவி, ராத்திரி முழுக்க விட்டு, மேலே தெளிந்த தண்ணீரைச் செடிக்கில்லாமல் வெளியே ஊற்றிவிட்டு, அடியில் படிந்ததை வழித்துக் குப்பையில் போடுங்கள்.